உதறிய சட்டை

செஞ்சிக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கண் செருக உட்கார்ந்திருந்தாள் வசந்தா. அரைத்தூக்கத்தில், ராஜகிரிக் கோட்டைமேல் வெள்ளையாகத் தூசி இறங்கியது, மாவு சலிப்பதுபோலச் சத்தமே இல்லாமல். அதற்குள்ளிருந்து புருஷன் பெரியதம்பி நடந்து வந்தான். கல்யாணமான புதிதில் வேலை விட்டு வந்தமாதிரியே புருவமெல்லாம் வெளுத்திருந்தது. அழகன்தான், பாவி.

ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் ஷீட் அறுத்துக் கூரை போடுகிறவன் அவன். அவன் சட்டையை வாசலில் நின்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் நனைப்பாள். உதறாமல் நனைத்தால் தூசி கூழாகி ஒட்டிக்கொள்ளும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சுத்தக்காரி என்று பேர் வேறு! அந்தச் சுத்தம்தான் இத்தனை வருஷம் கழித்து நுரையீரலைச் சுற்றிய ஜவ்வில் புற்றாக உட்கார்ந்திருக்கிறது.

புதுச்சேரி டாக்டரம்மா காலையில் விளக்கினார். 'போதும், வளராதே' என்று செல்லை அதட்டி வைக்கும் காவல் மரபணு ஒன்று உண்டாம். வசந்தாவின் கட்டியில் அந்தக் காவல் செத்துவிட்டது. பிறவிப் பழுதாக இருந்தால் மகள் சுவாதிக்கும் இறங்கியிருக்கலாம். ரத்தத்தைச் சோதித்ததில் அப்படி இல்லை. உள்ளே போன கல்நார் இழை குத்திக் குத்திக் கெடுத்ததுதான்.

மகள் தப்பித்தாள் என்றதும் வசந்தாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பெரியதம்பி அப்போது டீ வாங்கப் போயிருந்தான். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன், தன் சட்டைத் தூசி என்று தெரிந்தால் உடைந்துபோவான். சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

"டாக்டரு இன்னா சொன்னாங்க?" பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து தோளைத் தொட்டு எழுப்பிக் கேட்டான்.

"பொறவியிலயே வந்த கோளாறாம். யாரு மேலயும் தப்பில்ல."

அவன் முகம் செத்துப்போனது. "பொறவியிலன்னா... நம்ம சுவாதிக்கு?"

புருஷனைக் காப்பாற்றப் போய் தகப்பனை வதைக்கிறோமே என்று அவள் துடித்துப்போனாள்.

"இல்லய்யா, பொய் சொன்னேன். புள்ளைக்கு ஒண்ணும் இறங்கல. உன் சட்டைய உதறுனேன் இல்ல, அந்தத் தூசிதான்."

அவன் குனிந்து தான் போட்டிருந்த சட்டையைப் பார்த்தான். தூரத்தில் கோட்டை மலை தெரிந்தது.

"நீ உதறும்போது, கைக்கொழந்த சுவாதி எங்க இருக்கும்?"

வசந்தாவின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கேதான் இருப்பாள். ஒவ்வொரு உதறலுக்கும் வெயிலில் மினுங்கிப் பறக்கும் தூசியைப் பிடிக்கக் கையை நீட்டி, வாயெல்லாம் திறந்து சிரிப்பாள்.