தகவல் சொல்லியாயிற்று

“அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார்?” என்று பேராசிரியர் கேட்டார்.

ஷாஜினி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மருத்துவம் மட்டும் படித்தால் போதாதா, ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்து எட்டு வருடம் எதற்குப் படிக்க வேண்டும், நடுவில் அலுத்துப்போனால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்பார்கள் என்று குவைத்தில், ஃபஹாஹீல் வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று மூன்று வாரம் பேசிப் பழகியிருந்தாள். அதையெல்லாம் அவர் கேட்டார். அவளும் தடுமாறாமல் சொன்னாள். நேர்காணல் முடிகிற சமயத்தில் அவளுடைய விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, ஏதோ தனக்குத் தெரிந்தவரை விசாரிப்பதுபோல இதைக் கேட்டார்.

“நன்றாக இருக்கிறார்,” என்றாள் அவள், ஆங்கிலத்தில். “சிகிச்சையில் இருக்கிறார். போன வாரம்கூடப் பேசினேன்.”

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அது தானாகவே வாயில் வந்துவிட்டது. பேராசிரியரின் முகம் மலர்ந்தது. “இதற்காகத்தான் இந்தப் படிப்பையே தொடங்கினோம்,” என்று எழுந்து நின்று கை கொடுத்தார். அவர் கை கதகதப்பாக இருந்தது. தன் கை ஈரமாக இருப்பதை அவர் கவனித்திருப்பாரோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வராந்தாவுக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம் தோன்றியது.

அந்த மனிதர் ராமையா. முதுகுளத்தூர் பக்கத்துக்காரர், கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்று குவைத்தில் நடந்த ஓர் ஆய்வில் ஷாஜினி உதவியாளராக இருந்தாள். ஆகஸ்ட் மாதம் முழுவதும், விடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்குப் போய், டியூட்டிக்குக் கிளம்புகிறவர்களை வரிசையில் உட்கார வைத்து ரத்தம் எடுப்பார்கள். குழுவில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் ஊசிக்குப் பயந்தவர்களும், ரிசல்ட்டை கம்பெனிக்குச் சொல்லிவிடுவார்களோ என்று சந்தேகப்பட்டவர்களும் அவளிடம்தான் வந்தார்கள். ராமையா சட்டைப் பையில் வலி மாத்திரை அட்டை வைத்திருந்தார். இடுப்பு வலிக்கு நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு போடுவதாகச் சொன்னார். “கெட்டதா எதுவும் இருந்தா நீ சொல்லுவேல்ல, டாக்டரம்மா?” என்று கேட்டார். தான் டாக்டர் இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. அந்தப் பெயர் கேட்க நன்றாக இருந்தது. “இருந்தா கண்டிப்பா கூப்பிடுறேன் அங்கிள்,” என்றாள்.

செப்டம்பர் கடைசியில் முடிவுகள் வந்தன. மோசமாக இருந்தவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவரையும் அழைத்து, அவரவர் மொழியில் சொல்லி, சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி, எந்த கிளினிக்குக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, பட்டியலில் ஒரு கட்டத்தில் ‘தகவல் சொல்லியாயிற்று’ என்று குறிக்க வேண்டும். இந்திக்காரர்களை இந்தியிலும் மலையாளிகளைத் தன் அரைகுறை மலையாளத்திலும் அழைத்துப் பத்துப் பேரிடம் பேசிவிட்டாள். பதினோராவது ராமையா. கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஒன்பது, இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். போன் அணைந்திருந்தது, டியூட்டியில் இருந்திருப்பார். ஐந்து மணிக்குள் ஆய்வை நடத்தும் மருத்துவருக்குப் பட்டியலை அனுப்ப வேண்டும். எட்டு மணிக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பினாள். இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். கட்டுரை மட்டும் பாக்கி இருந்தது. அதில் அவரைப் பற்றித்தான் எழுதினாள்: அந்த எண்ணைப் பார்த்த மாலையே நான் அவரை அழைத்தேன், மறுமுனையில் ஒரு நீண்ட மௌனம், பிறகு அவர் அழுதார், ஓர் எண்ணுக்கும் ஒரு மனிதனுக்கும் இடையில் நிற்பவளாக நான் இருக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. எழுதி முடித்ததும் செய்து முடித்ததுபோல இருந்தது; எட்டு மணி அழைப்பு மறந்தே போனது. மறுநாள் காலையில் நினைவு வந்தது, ஆனால் பஸ்ஸில் இருந்தாள். அதற்கு மறுநாளும் நினைவு வந்தது. ஒரு வாரம் கழிந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்பதால் அழைக்கவில்லை. ஒரு மாதம் கழிந்த பிறகு அந்த நினைவு வரும்போதெல்லாம் வேறு எதையாவது எடுத்துச் செய்தாள்.

கீழ்த்தளத்தில் அம்மா அருள்செல்வி காத்திருந்தாள். இந்த நேர்காணலுக்காக, குவைத்தில் தான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கில் இரண்டு நாள் லீவ் போட்டுவிட்டு மகளோடு துபாய்க்கு வந்திருந்தாள். அல் குசைஸில் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கி, காலையில் மகளுடைய கோட்டை மடியில் கசங்காமல் வைத்துக்கொண்டே டாக்ஸியில் வந்தாள். இப்போது சோபாவில், நேர்காணலுக்கு வந்த வேறொரு பையனின் அப்பாவிடம் போனை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்ததும் அது தன் கட்டுரை என்று ஷாஜினிக்குத் தெரிந்தது. அம்மா அதை ஊர்த் தேவாலயத்து அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தது ஏற்கெனவே தெரியும்.

“மக்ளே, எப்பிடி இருந்து? பேடிக்காம பேசினியா?”

“ம்.”

“அந்த அண்ணனப் பத்தி கேட்டாவளா?”

“கேட்டாங்க.”

“நான் சொன்னம்லா, அதத்தான் கேப்பாவன்னு.” அம்மா அந்த அப்பாவைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தாள். “இருவத்தோரு வருசமா நர்ஸ் வேல பாக்கேன். டாக்டர் சொன்னதச் செய்வேன், அவ்வளவுதான். ஒரு ஆள நானாக் கண்டுபிடிச்சுக் காப்பாத்துன பாக்கியம் எனக்குக் கிடைக்கல. ஒனக்குப் படிக்க முன்னாலயே கிடைச்சிருக்கு.” பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். “சாப்பிடு. ரெண்டு மணிக்கு அடுத்ததுல்லா?”

“மம்மி, ஒரு கால் பண்ணிட்டு வரேன்.”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பிப்ரவரி வெயில் இதமாக இருந்தது. மெல்லிய நீர்க்குழாய்கள் புதைத்த புல்தரையின் ஓரம் நின்று ராமையாவின் குவைத் எண்ணை அழைத்தாள். சேவையில் இல்லை. அவரோடு ஒரே ரூமில் இருந்த பாலகுருவின் எண்ணும் அவளிடம் இருந்தது. அவரும் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர். வாட்ஸ்அப்பில் பேச இந்த நாட்டில் வழியில்லை. ரோமிங்கிலேயே அழைத்தாள். இரண்டாவது மணியில் எடுத்தார்.

“அட, டாக்டரம்மாவா! ராமையா அண்ணனா? அவரு பொங்கலுக்கு மறுநாளே ஊருக்குப் போயிட்டாரும்மா. சைட்லயே விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரில பாத்துட்டு ரெண்டு கிட்னியும் கலாஸ், போயிருச்சுன்னுட்டாங்க. கம்பெனி டிக்கெட் போட்டு அனுப்பிட்டான்.” பின்னால் இரும்பு வெட்டும் சத்தம். “ஊர் நம்பர் அனுப்புறேன். பேசுங்க, சந்தோசப்படுவாரு. ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

அந்த எண் வந்த பிறகும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோட்டக்காரர் ஒருவர் புல்லில் கிடந்த காகிதக் கோப்பையை எடுக்கக் குனிந்து, அவள் காலை நகர்த்தும்படி சைகை செய்தார். நகர்ந்தாள். பிறகு அழைத்தாள்.

“ஆரு?”

“அங்கிள், நான் ஷாஜினி. குவைத்ல... பிளட் எடுத்தோம்ல.”

“அட, டாக்டரம்மா! எப்படியிருக்க தாயி?” குரல் மெலிந்திருந்தது. ஆனால் அவசரமில்லாத, கேம்பில் கேட்ட அதே குரல். “நான் ராம்நாட்டு ஆஸ்பத்திரியிலதான் கெடக்கேன். வாரத்துக்கு ரெண்டு நாளு மிசின்ல போடுறாக.”

“இப்பதான் தெரியும் அங்கிள். பாலகுரு அங்கிள் சொன்னாங்க.”

“என்ன பண்ணச் சொல்ற. நீங்க ரத்தம் எடுத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு? கெட்டதா இருந்தாக் கூப்புடுறேன்னு சொன்ன. நீ கூப்புடல. அப்ப ஒண்ணுமில்லன்னு நெனச்சு, அந்தத் தெம்புல மேல்வலிக்கு மாத்திரையப் போட்டுக்கிட்டு வேலையப் பாத்தேன். அதுக்கப்புறம் எப்படித்தான் இப்படி ஆச்சோ.”

“அங்கிள், அது வந்து... அப்பவே...”

“இந்தா, நர்ஸம்மா வந்துட்டாக. கைய ஆட்டக்கூடாதுன்னு சத்தம் போடுவாக. நீ எங்கருந்து தாயி பேசுற?”

“துபாய். ஒரு இன்டர்வியூ. டாக்டருக்குப் படிக்க.”

“படி, படி. நல்லாப் படிச்சு வா,” என்று அவர் சொல்லும்போதே போன் துண்டிக்கப்பட்டது.

உள்ளே வந்து அம்மா கொடுத்த சப்பாத்தியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். யார் கூட பேசின என்று அம்மா கேட்டாள். ஃப்ரெண்ட் என்றாள். ஒரு நாளில் எத்தனையாவது பொய் என்று நினைக்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது நேர்காணலை நடத்தியவர் இல்ஹாம் என்ற சூடான் நாட்டுப் பெண் மருத்துவர். அம்மாவின் வயதிருக்கும். சிறுநீரக மருத்துவர் என்று கதவுப் பலகையில் இருந்தது. அதிகம் சிரிக்கவில்லை.

“ஆய்வு வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்.”

இதற்கும் விடை தயாராக இருந்தது. இரண்டு குழாய்களில் லேபிள் மாறிப்போனதும், உடனே கண்டுபிடித்ததும், அதிலிருந்து கற்றுக்கொண்டதும். “ஒரு நாள் காலை இரண்டு மாதிரிகளை...” என்று தொடங்கினாள். குரல் தனக்கே தேன் தடவியதுபோலக் கேட்டது. நிறுத்தினாள்.

“அது பெரிய தவறில்லை,” என்றாள். “வேறொன்று இருக்கிறது.”

சொன்னாள். பட்டியலின் கட்டத்தை, கட்டுரையை, காலையில் பேராசிரியரிடம் சொன்னதை, அரை மணி நேரத்துக்கு முன் ராமையாவிடம் பேசியதை. அழக்கூடாது என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுதால் கட்டுரையில் எழுதியது மாதிரி ஆகிவிடும். டாக்டர் இல்ஹாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“மற்ற பத்துப் பேரிடமும் பேசினீர்களா? நிச்சயமாக?”

“பேசினேன். அழைப்புப் பதிவு இருக்கிறது.”

“அவரிடம் உண்மையைச் சொன்னீர்களா?”

“இல்லை.”

“என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்?”

மன்னிப்புக்காகவா, இதைச் சொன்னால் நேர்மையானவள் என்று எடுத்துக்கொள்வார்கள் என்ற நப்பாசையா? இரண்டாவதும் இருந்தது. அது தெரிந்ததும் முகம் சுட்டது.

“தெரியவில்லை,” என்றாள்.

டாக்டர் பேனாவை எடுத்து மூடினார். “ஆய்வை நடத்துகிறவருக்கு இன்றே எழுதுங்கள். அது உங்கள் வேலை, என் வேலை அல்ல. நான்கு மணிக்கு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து யாரை எடுப்பது என்று பேசுவோம். அதற்கு முன் பேராசிரியரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்கிறேன்.”

“சரி,” என்றார். கை கொடுக்கவில்லை. ஆனால் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

பேராசிரியரின் அறை மூடியிருந்தது. உள்ளே அடுத்த விண்ணப்பதாரர் இருந்தார். இருவரும் எதற்கோ சேர்ந்து சிரிப்பது கேட்டது. வராந்தாவில் நாற்காலி இல்லை. சுவரில் சாய்ந்து நின்று ஆய்வை நடத்தும் மருத்துவருக்கு மின்னஞ்சல் எழுதினாள். நான்கு வரி. அலங்காரமாக வந்த ஒரு சொல்லை இரண்டு தடவை அழித்தாள். அனுப்பினாள். கீழே அம்மா காத்திருப்பாள், சப்பாத்தி டப்பாவோடு, அந்தப் பையனின் அப்பாவோடு. அவளிடம் சொல்வதைப் பற்றி நினைத்தபோது மற்ற எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. ராமையா. ஒரு படமும் அதன் கீழே ஒரு குரல் பதிவும். பேச்சு காதில் மட்டும் விழும்படி போனை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“தாயி, இங்க யாரும் நின்னு சொல்ல மாட்டேங்குறாக. இந்தத் தாள்ல என்ன போட்டுருக்குன்னு பாத்துச் சொல்லு. நீ சொன்னாச் சரியா இருக்கும்.”

படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தது. போர்வைமேல் விரித்த ஆய்வகத் தாள், ஓரத்தில் அதை அழுத்திப் பிடித்திருக்கும் அவர் கட்டைவிரல், நகத்தில் இன்னும் போகாத துருக்கறை. இரண்டு விரலால் பெரிதாக்கினாள். ஹீமோகுளோபின், பொட்டாசியம், யூரியா, ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். எல்லாம் தெளிவாகப் புரிந்தது.

மைக் குறியின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். “அங்கிள்,” என்றாள். அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரையின் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு, எட்டு, ஒன்பது. அவள் விரலை எடுக்கவில்லை.