தலைமாட்டு இரும்பு

மழைக்குள் இறங்கிய கணவன் அழகனின் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும், சண்முகவடிவு பிள்ளையை விட்டு விலகிப்போய் அடுப்படி மூலையில் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படி வைத்திருந்தால்தான் கைகள் தன்னுடையவையாக இருக்கும் என்று தோன்றியது.

பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். தலை நிறைய முடியோடு பிறந்த பெண் குழந்தை. பாயில் கிடந்து காலை உதைத்து அழுதது. வடிவுக்கு மார்பு கட்டி வலித்தது. பால் ரவிக்கையை நனைத்து வயிற்றில் இறங்கியது. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. பாயின் தலைமாட்டில், தலையணைக்கு அடியில், கவ்வாத்துக் கத்தி இருந்தது.

தேயிலைச் செடியின் தடித்த கிளைகளை ஒரே வெட்டில் இறக்குகிற வளைந்த கத்தி அது. பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் முப்பது நாளைக்கு இரும்பு இருக்க வேண்டும், இருந்தால் காற்று கருப்பு அண்டாது என்பது ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்துச் சனங்களின் நம்பிக்கை. சிலர் ஆணி வைப்பார்கள், சிலர் அரிவாள்மணை. அழகன் தன்னிடமிருந்ததிலேயே நல்ல இரும்பை, வெள்ளையாய் மின்னும்படி தீட்டி, "ஒன்னும் கிட்ட வராது புள்ள" என்று சொல்லி வைத்தான். ஆசையோடு செய்த காரியம்.

அது ஐம்பத்தேழாம் வருஷத்து ஆடி மாதம். கப்பலில் வந்து கொழும்பில் இறங்கிய காய்ச்சல், ரயிலேறி அட்டனுக்கு வந்து, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஏறிவிட்டது என்றார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் பாதிப்பேர்கூட இல்லை. ஒரு காம்பராக்காரர் இன்னொரு காம்பராவுக்குள் நுழையக்கூடாது என்று டாக்டர் ஐயா லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போனார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவையும் பூட்டிவிட்டார்கள். ராகலையிலிருந்து பேறுகாலம் பார்க்க வரவேண்டிய வடிவின் அம்மா வரவில்லை; அங்கேயும் காய்ச்சல். மேல் லயத்து வீரம்மா எட்டு மாத வயிற்றோடு போய்ச் சேர்ந்தாள். அவளும் வடிவும் ஒன்றாக மசக்கைப்பட்டவர்கள், ஒரே மரத்துப் புளிச்ச நாரத்தங்காயைப் பங்குபோட்டுத் தின்றவர்கள்.

வடிவுக்கும் ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது. பிறகு விட்டுவிட்டது. விட்டுப்போகும்போது வேறொன்றை உள்ளே வைத்துவிட்டுப் போனது. பிள்ளையைக் குனிந்து பார்த்தால் போதும், அந்தக் கத்தி கண்ணுக்குள் வந்துவிடும். கத்தியும் குழந்தையின் கழுத்தும். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை உதறுவாள். உதற உதற இன்னும் துலக்கமாகத் தெரியும். மாரியம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கண்ணைப் பொத்திக்கொண்டு பால் கொடுத்துப் பார்த்தாள். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. கத்தியை எடுத்து எறியலாம். எடுப்பதற்கு அதைத் தொட வேண்டுமே. எடுக்கச் சொல்லலாம், ஏன் என்று கேட்டால்? பேய் பிடித்தது என்று கோயிலடிக்கு இழுத்துப்போய் வேப்பங்குழையால் அடிப்பார்கள். பிள்ளையைப் பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுப்பார்கள். கொடுத்தால் பிள்ளை பிழைக்கும் என்று அவளுக்கே ஒரு பக்கம் தோன்றியது.

"அடியே வடிவு! புள்ள தொண்ட கிழியக் கத்துதே, காது அடச்சிருச்சா?"

பக்கத்துக் காம்பரா மார்கிரட். பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கிறவள். அதைப் பூட்டியதிலிருந்து வீட்டில்தான். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டே தவிர, எந்தச் சுவரும் கூரைவரை போவதில்லை. இந்த வீட்டு இருமல் அந்த வீட்டுக்கும், அந்த வீட்டு ஜெபமாலை இந்த வீட்டுக்கும் கேட்கும். கட்டியவன் செங்கல்லை மிச்சம் பிடித்தான். அந்த இடைவெளியையும் கடவுள் வீணாக விடுவதில்லை.

வடிவு கைகளைத் தொடைக்கடியில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"தூங்கிட்டியா? தூங்குனா மூச்சு கேக்குமே. வடிவு?"

"அக்கா…"

"சொல்லு தாயி."

"எங் கைய எனக்கு நம்ப முடியலக்கா."

மழை தகரத்தில் கொட்டியது. சொல்லியாகிவிட்டது. இனித் திருப்பி எடுக்க முடியாது என்று தெரிந்ததும் மீதியும் தானாக வந்தது. கத்தி, கழுத்து, தூக்கம் இல்லாதது, எல்லாம். சுவரைப் பார்த்தே சொன்னாள். முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

அடுத்த காம்பராவில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு கதவுச் சங்கிலி. ஆள் கூட்டி வரப் போகிறாள்.

கதவு திறந்தது. மார்கிரட் ஒற்றை ஆளாக, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். கையில் ரொட்டி புரட்டும் இரும்புக் கரண்டி.

"உள்ள வராதக்கா. தீட்டு. டாக்டர் ஐயா வேற…"

"டாக்டர் ஐயா வந்தா நான் பேசிக்கிறேன். தீட்டுக்குப் பீலித் தண்ணியில ஒரு முழுக்குப் போட்டாப் போச்சு."

நேராகப் பாய்க்குப் போனாள். தலையணைக்கு அடியில் கையை விட்டு, கத்தியை வடிவின் கண்ணில் படாமல் சாக்குக்குள் சுருட்டி அக்குளில் இடுக்கினாள். அந்த இடத்தில் கரண்டியை வைத்துத் தலையணையைத் தட்டிவிட்டாள்.

"இரும்புதானே வேணும்? இந்தா இரும்பு. பேயிக்குக் கத்தியும் ஒன்னுதான், கரண்டியும் ஒன்னுதான். கரண்டின்னா கூடவே பயப்படும். எங்க வீட்டு மனுசன் பயப்படல?"

வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மார்கிரட் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் குந்தினாள்.

"நான் பைத்தியமாக்கா?"

"நீ பைத்தியம்னா நானும் பைத்தியந்தான். மூத்தவன் றோலண்டு பொறந்தப்ப பீலிப் பக்கமே போவ மாட்டேன். புள்ளயத் தண்ணிக்குள்ள விட்டுருவேன்னு ஒரு நெனப்பு, மாசக்கணக்கா. சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லல. பன்னெண்டு வருசம் ஆவுது, இன்னிக்கித்தான் வாயத் தெறக்கிறேன். அந்தத் தடியன் இப்ப ஒத்த ஆளா ஒரு பானச் சோத்தக் காலி பண்றான்." பிள்ளையின் முதுகைத் தட்டினாள். "செய்யப் போறவ இப்படிக் கையப் பூட்டிக்கிட்டு மூலையில உக்காந்திருக்க மாட்டாடி. கைய எடு. மரத்துப் போயிருக்கும்."

மரத்துத்தான் போயிருந்தது. மார்கிரட் அந்தக் கைகளைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். பிறகு பிள்ளையைத் தன் கையாலேயே தாங்கி வடிவின் மார்பில் பொருத்தினாள். "நான் புடிச்சிருக்கேன். நீ சும்மா இரு." பிள்ளை ஆத்திரத்தோடு கவ்வியது. பாரம் இறங்க இறங்க வடிவின் கண்கள் சொருகின. பிள்ளை குடித்து முடிப்பதற்குள், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது பாயில் கிடந்தாள். மதியம் திரும்பியிருந்தது. வாசலுக்கு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பேச்சுக் குரல்.

"முப்பது நாளு ஆவலையேக்கா," என்றான் அழகன். "கத்திய எடுத்துட்டா ஏதாச்சும்…"

"கரண்டி வச்சிருக்கேன்னு சொன்னேன்ல."

"எதுக்காக எடுத்தீங்க?"

வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மார்கிரட் குரலைத் தாழ்த்தினாள். மழை விட்டிருந்ததால் ஒரு சொல் தப்பாமல் கேட்டது. இனி பூசாரி என்பான், அம்மா வீட்டுக்கு அனுப்புகிறேன் என்பான், பிள்ளையைத் தூக்கிக்கொள்வான். அவள் காத்திருந்தாள்.

பிறகு உள்ளே வந்தான். ஈரச் சாக்கைக்கூடக் கழற்றவில்லை. பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நல்லதுன்னுதான் நெனச்சேன் வடிவு. அத்தன தீட்டு தீட்டுனேன்." குரல் உடைந்தது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சு."

"எனக்குந்தான் பயம். வீரம்மாவத் தூக்கிட்டுப் போனதுல இருந்து ஒவ்வொரு நாளும் வேலையில இருந்து வரும்போது நீ இருப்பியோ மாட்டியோன்னுதான் வர்றேன்."

இருவரும் ஒரே அறைக்குள் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். அது தெரிந்தபோது வடிவுக்கு வெட்கமாகவும், ஏனோ ஆறுதலாகவும் இருந்தது.

மார்கிரட் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "தம்பி, இனி இவளத் தனியா விடக் கூடாது. நீ வேலைக்குப் போனா நான் வந்து இருக்கேன். டாக்டர் ஐயாகிட்ட நாளைக்கு நானே சொல்லி, தூக்கத்துக்கு என்னா செய்யலாம்னு கேக்குறேன். வடிவு, அந்த நெனப்பு மறுபடி வரும். வந்தா என்னைக் கூப்புடு. நெனப்பு வந்துட்டுப் போவட்டும், அதுக்குச் சோறா போடப் போறோம்?"

சொல்லிவிட்டு, தீட்டுக் கழிய, பற்கள் கிட்டிக்க அந்தக் குளிரில் பீலிக்குக் குளிக்கப் போனாள். இரண்டு நாள் இருமினாள். காய்ச்சலோ என்று வடிவு நடுங்கினாள். இருமல் கொத்தமல்லித் தண்ணீரோடு போய்விட்டது.

நினைப்பு மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வடிவு கூப்பிட்டாள், மார்கிரட் வந்தாள், வாய்க்கு வந்ததைப் பேசினாள். டாக்டர் ஐயா கொடுத்த மருந்தில் வடிவு இரவு நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். ஒரு வாரம் கழிந்த பிறகு ஒரு காலையில், நினைப்பு வருவதற்கு முன்பே பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது. வடிவு யோசிக்காமல் தூக்கிவிட்டாள்.

அன்று பத்து நாளைக்குப் பிறகு வெயில் எரித்தது. அழகன் இஸ்தோப்பில் சாக்கை விரித்துக் கொடுத்தான். வடிவு பிள்ளையோடு உட்கார்ந்தாள். எதிர் மலையில் தேயிலைத் தூர்களிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளை குடித்துக் களைத்து, வாயோரம் பால் வழியத் தூங்கியது. சற்று நேரத்தில் மடி கதகதவென்று நனைந்து, ஈரம் சேலைக்குள் பரவித் தொடை வழியாக இறங்கியது. மாற்றுத்துணி கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுக்க அசைந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று, அவள் அந்த ஈரச் சூட்டிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.