பஸ் பக்கம் போன புருஷன்

"பேசக் கத்துக்கப் போறியா? நீயா?" தாண்டவராயன் சிரித்த சிரிப்பில் கொட்டகையில் இருந்த மாடு திரும்பிப் பார்த்தது. "உனுக்குப் பேச்சை நிறுத்தறதுக்கு ஒரு வகுப்பு வெக்கச் சொல்லு. நானே கூட்டிக்கினு போயி சேத்து வுடறேன்."

"சிரிங்க மாமா, நல்லா சிரிங்க. முதியோர் வகுப்புல எழுத்துக் கூட்டிப் படிச்சி முடிச்சவங்களுக்கு இப்ப மேடைப் பேச்சு சொல்லித் தராங்களாம். நான் போறேன்."

போனாள் அவன் பெண்டாட்டி தைலம்மாள். அது ஐம்பத்தெட்டாம் வருஷம். விழுப்புரத்தில் தெருவுக்குத் தெரு மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம். ரயிலடிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு வகுப்பு நடந்தது. முதல் வாரம் துணைக்கு வந்த தாண்டவராயன் வாசலில் நின்று ஒட்டுக் கேட்டான். இரண்டாம் வாரம் உள்ளே வந்து, முட்டி இடிக்க இடிக்கச் சின்னப்பிள்ளைகள் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா மாமா, என் பேச்சை நிறுத்தறதுக்கா வந்திங்க?"

"காத்து வருது இங்க. அதான்."

கோதண்டபாணி வாத்தியார் எதற்கும் கோபப்படமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. "எதிரணியில் உங்களுக்கு முன்னால் பேசினவர் பேரைச் சொல்லணும். அவர் வாதத்துக்குப் பதில் கொடுக்கணும். அப்புறம்தான் உங்க சொந்தச் சரக்கு. பேர் சொல்லாதவங்க உட்கார வேண்டியதுதான்."

ஆறு மாதம் போனதும் திண்டிவனத்து வகுப்பிலிருந்து அழைப்பு வந்தது. பயணத்துக்குச் சிறந்தது ரயிலா, பஸ்ஸா? விழுப்புரத்தார் ரயிலுக்கு, திண்டிவனத்தார் பஸ்ஸுக்கு. பேர் சொல்லும் சட்டம் அங்கேயும் உண்டு. தைலம்மாள் போன இடமெல்லாம் பேசிப் பழகினாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டே "அவைத் தலைவர் அவர்களே!" என்று கூவ, அடுத்த கொல்லைக்காரி பதறி ஓடிவந்து, "யாரைப் பாம்பு கடிச்சிதுடி?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ரயிலேறிப் போனார்கள். திண்டிவனத்துக் கூடத்தில் வண்ணக் காகிதத் தோரணம், மைக், இடம் கொள்ளாத கூட்டம். ஆனால் தலைவராக வந்திருந்த வெங்கடாசலம் கையைப் பிசைந்தார்.

"எங்க ஆளு பெரியதம்பி மரக்காணத்துலேர்ந்து வரணும். இன்னும் பஸ்ஸு வரல. விழுப்புரத்துல ஒருத்தரைக் கடன் குடுங்களேன்."

"நான் வர்றேங்க!" தாண்டவராயன் எழுந்துவிட்டான்.

"இன்னா மாமா, கட்சி மாறிட்டிங்க?"

"எந்தப் பக்கமும் பேசத் தெரியணும்னு வாத்தியார் சொல்லல?" என்றவன் தலைவரிடம் திரும்பினான். "எனக்கப்புறம் யாருங்க பேசறது?"

"ரயில் அணியில தைலம்மாள்."

தாண்டவராயன் மீசையைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு தரமும் அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஓட்டுப் போடப் போன இடத்தில் புருஷன் பேர் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்றவளை இடித்துச் சொல்ல வைத்தவள் அவள். அது தெரிந்துதான் எழுந்தானா இந்த மனுஷன்!

அவன் நன்றாகவே பேசினான். "ரயில் உங்க கொல்லைமேட்டுல வந்து நிக்குமா? பஸ்ஸு நிக்கும்! கை காட்டினா நிக்கும்!" கூடம் அதிரக் கை தட்டினார்கள்.

கேட்டதுமே தைலம்மாளுக்குப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என்ன பதில்! அவளுக்கே சிரிப்பு முட்டியது. மைக் முன்னால் போய் நின்றாள்.

"அவைத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால பேசினவரு..."

"பேரும்மா, பேரு," என்றார் வெங்கடாசலம்.

"அதாங்க... பஸ்ஸுக்காரரு..."

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. "புள்ள பேரைச் சொல்லி, அவங்க அப்பான்னு சொல்லேன்!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"அதெல்லாம் செல்லாது," என்றார் தலைவர். "சங்கடமா இருந்தா உட்காரும்மா. அடுத்தவங்க பேசட்டும்."

உட்காருவதா? தைலம்மாள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேரை விழுங்கிவிடலாம், இருபது வருஷப் பழக்கம். இந்தப் பதிலை எப்படி விழுங்குவது? வேறு யாராவது சொல்லிவிட்டால்? ஆயுசு கெட்டியான மனுஷன், தாங்குவார்.

"தாண்டவராயன் அவர்களே!"

மைக்கில் அந்தப் பேர் கூடம் முழுக்கப் போய் மோதியது. "ஆங்... இன்னா தைலு?" என்று தாண்டவராயன் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"உக்காருங்க, தாண்டவராயன் அவர்களே! கை காட்டினா பஸ்ஸு நிக்கும்னிங்க. கை காட்டாமயும் நிக்குமே, நடுவழியில! உங்க அணியில பேச வேண்டிய பெரியதம்பி எங்க, தாண்டவராயன் அவர்களே? அவரு பஸ்ஸுலதான் வந்துக்கினே இருக்காரு!"

சிரிப்பு அடங்கவே இல்லை. அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தாண்டவராயன் அவர்கள் சொன்னார், தாண்டவராயன் அவர்கள் மறந்தார் என்று மூச்சுக்கு ஒருதரம் அந்தப் பேர்தான். வெல்லக்கட்டி மாதிரி நாக்கில் புரட்டிப் புரட்டிச் சொன்னாள். ரயில் ஜெயித்தது.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். மற்றவர்கள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போயிருந்தார்கள். தாண்டவராயன் கையை நீட்டினான்.

"நாடி இருக்குதா பாரு. அத்தினி தபா சொல்லிட்ட."

அவள் பிடித்துப் பார்த்தாள். "குதிரையாட்டம் ஓடுது மாமா."

தண்டவாளத்தைப் பார்த்தபடி அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "வூட்லயும் அப்பிடிக் கூப்புடுவியா?"

"வூட்ல யாரு கை தட்றாங்க?"

தாண்டவராயன் யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு மெல்லக் கை தட்டினான்.