கடித்துப் பார்த்த மூடி

1.

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லை. கைப்பேசியில் தலைப்பைப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். என் மகளும் அப்படித்தான். "அப்பா, மூளைக்குள்ளயே பிளாஸ்டிக் துகள் இருக்காம். மறதி, படபடப்பு எல்லாம் அதனால வரலாமாம்" என்று படித்துக் காட்டினாள்.

வரலாமாம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், பழைய இரும்புக் கடை வைத்திருந்தவன். 'செம்பாக இருக்கலாம்' என்று சரக்கு கொண்டுவந்தவனை வாசலோடு அனுப்பிவிடுவேன். இதெல்லாம் புளுகு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கதையாகிவிட்டது. பேனா மூடியைப் பல்லில் கவ்வினால்தான் எனக்கு வார்த்தை வரும். கவ்விக்கொண்டு தொடங்குகிறேன்.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அந்தக் கொட்டகையில் காலைக் கதிர்கள் பொன்னாக இறங்கி

அடித்துவிட்டேன். அங்கே கதிரில் தெரிவது தூசிதான். பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின் ஓடினால் கண்ணிமை வரைக்கும் வெள்ளையாகப் படியும்.

பழைய பிளாஸ்டிக்கை அரைத்து உருக்கி விற்கிற இடம் அது. அங்கே என் மனைவி தரம் பிரிக்கிறாள். பாட்டில் மூடி, டப்பா, உடைந்த வாளி எல்லாம் குவிந்து கிடக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். ரகம் கலந்து உருகினால் சரக்கு பாழ். அவள் ஓரத்தைக் கடித்துப் பார்ப்பாள். பல் இறங்கினால் மெழுகு ரகம், இடப்பக்கக் குவியல். இறங்காவிட்டால் விறைப்பு ரகம், வலப்பக்கம். துணுக்கைத் துப்புவாள், பாதி உள்ளே போகும். கொட்டகையில் அவளுக்குக் கடிக்காரி என்று பெயர். முதலாளி மட்டும் மரியாதை தெரிந்தவர், கடிக்காரியம்மா என்பார்.

3.

[இங்கே ஒரு விபத்து வேண்டும் என்று தோன்றியது. கை மெஷினில் மாட்டுவதாக எழுதிக் கிழித்தேன். நடந்தது அதைவிடச் சின்னது.]

ஒருநாள் ஒரு நீல மூடியைக் கடித்தாள். வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எந்தப் பக்கம் போடுவது என்று பிடிபடவில்லை. ஏதோ ஒரு பக்கம் போட்டாள். அதன் பிறகும் அப்படியே போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உருக்கி எடுத்த சரக்கு கையிலேயே பொடிந்தது. முதலாளி கத்தவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டோடு இருந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறாள். அணைத்துத்தான் இருப்பாள். மறுபடியும் வருவாள். அந்த வேலையும் இல்லையென்றால் அவள்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4.

அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். பாழாய்ப்போன மனுஷன் ஒத்துழைக்கவில்லை. மகள் துகளைப் பற்றிக் கேட்டாள். மூளையில் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள், எலிக்குக் கொடுத்துப் பார்த்ததில் மறதி தெரிந்திருக்கிறது, மனிதருக்கு அதனால்தான் வருகிறது என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்றார். வயசாக இருக்கலாம், தூக்கமில்லாததாக இருக்கலாம், கவலையாகவும் இருக்கலாம்.

"அப்ப கடிக்கலாமா?" என்றேன்.

"தெரியாதுன்னா கடிக்கலாம்னு அர்த்தமில்லையே ஐயா."*

* இந்த வரியை நான் ஜோடித்துக் கொடுக்கவில்லை. அவரேதான் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

5.

இதற்கு எப்படி முடிவு வைப்பது? அம்மா வேலையை விட்டதும் ஞாபகமெல்லாம் திரும்பிவிட்டதாக எழுதச் சொன்னாள் மகள். யார் நம்புவது? ஒருநாள் மனைவி என்னையே யாரென்று கேட்பதாக முடிக்கலாம், படிப்பவர்கள் அழுவார்கள். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பவளுக்கு அந்த முடிவை நான் எழுத மாட்டேன்.

அதனால் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு ரகம் மிதக்கும், ஒரு ரகம் மூழ்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இனி வாயில் வைக்கக் கூடாது, இதில் போட்டுப் பார் என்றேன். இரண்டு மூடியைப் போட்டாள். இரண்டும் மிதந்தன.

"இப்ப சொல்லுங்க, எது எதுன்னு."

நான் வாளிக்குள் கைவிட்டு இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன், இரண்டும் மேலே வந்தன. ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்தாள்.

"கடிக்கிறத விட்டுடறேன். வேலைய விட மாட்டேன். தள்ளுங்க."

மூடிகளை எடுத்துத் துடைத்து நகத்தால் கீறினாள். ஒன்றில் கோடு விழுந்தது, மற்றதில் நகம் வழுக்கியது. கோடு விழுந்ததை இடப்பக்கக் குவியலுக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினாள், விழாததை வலப்பக்கம். சந்தேகம் வந்தால் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். வேலை மெதுவாகிறதே என்று முதலாளி முனகினார். பொடிந்துபோகிற சரக்கு வேகமாக வந்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு அடுத்த மூடியை எடுத்தாள்.

6.

அவள் பிரித்த சரக்கை நாளைக்கு உருக்குகிறார்கள். சரியாக வந்தால் வேலை தங்கும். இதை எழுதும்போது பின்னால் வந்து நின்றாள்.

"வாயில என்ன?"

எடுத்துப் பார்த்தேன். பேனா மூடி. சுற்றிலும் பல் தடம், ஒரு ஓரத்தைக் காணோம். இந்தக் கதையில் எந்தப் பத்தியில் விழுங்கினேனோ.

"வாளித் தண்ணி எனக்கு மட்டுந்தானா?"

வாங்கி நகத்தால் கீறினாள். "விறைப்பு ரகம். வலப்பக்கம்" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது.

மூடி இல்லாமல் எனக்கு வார்த்தை வராது. ஆகவே நாளைய சரக்கு பொடிந்ததா நின்றதா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாயில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மூளைக்குள் துகள் என்கிற அந்தச் செய்தியை நான் இன்னும் நம்பவில்லை. பேனாவை மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்து போகிறேன், வெறும் வாயோடு.