நாற்பத்து நான்கு டிகிரி

தெருத்தெருவாக வெயிலை அளப்பது, சூடு அதிகமான தெருக்களுக்கு நகராட்சி தரும் இருநூறு மரங்களைப் பங்கிடுவது. இதுதான் பருவநிலைக் குழுவின் திட்டம். அட்டவணை போடும் வேலை அவளுடையது. குழுவில் அவளுடைய இனத்து ஆள் அவள் ஒருத்திதான். கூட்டத்தில் வாய் திறக்கமாட்டாள். இயற்பியல் பட்டம் தனக்காகப் பேசும் என்று நம்பியிருந்தாள்.

கூலி வேலைக்கென்று இரண்டு தலைமுறைக்கு முன் கொண்டுவரப்பட்ட அவள் இனத்தார், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கூரைகளின் கீழ் இருந்தார்கள். அங்கே அளக்கக் குழுவில் யாரும் முன்வரவில்லை. அவள் ஒரு வெப்பமானியைச் சரிபார்த்து அத்தையிடம் கொடுத்தாள். சலவைக் கடையில் வேலை பார்க்கும் அத்தை, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஏழு நாளும் அளந்து அனுப்பினாள்.

மற்ற தெருக்களில் முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அத்தை தெருவில் நாற்பத்து நான்கு.

கூட்டத்தில் திரையில் அதைப் பார்த்த குழுச் செயலாளர் சிரித்தார். "யாரும்மா இது, அடுப்பு மேல வெச்சு அளந்தது? அந்தப் பக்கத்து ஆளுங்க கையில மெஷினைக் கொடுத்தா இப்படித்தான்."

கூட்டமே சிரித்தது. 'எங்க அத்தை' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

"கருவிப் பிழையா இருக்கும் சார். எடுத்துடறேன்" என்றாள்.

ஏழு நாள் அளவையும் அழித்தாள். மற்றதோடு ஒட்டாத எண்ணை விலக்குவது வழக்கம்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மரங்கள் தண்டவாளத்தைத் தாண்டவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வேறொரு வெப்பமானியோடு அத்தை தெருவுக்குப் போனாள். அதே இடம், அதே நேரம். நாற்பத்து நான்கரை.

"என்னடி ஊமக்கோட்டான், என் பரீட்சைப் பேப்பரைத் திருத்த வந்தியா?" வாசலில் நின்று அத்தை கேட்டாள். "நமக்கு எத்தனை மரம்? பஸ் நிக்கிற எடத்துல ஒண்ணு வெச்சிடு. போன வாரம் உன் மாமா அங்கதான் சுருண்டு விழுந்தாரு."

"ஒண்ணும் இல்ல அத்தை."

"ஏன், நான் தப்பா அளந்துட்டேனா?"

"நீங்க சரியாத்தான் அளந்தீங்க. அவங்க சிரிச்சாங்க. நான் அழிச்சிட்டேன்."

அத்தை அவள் கையிலிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். "அவங்க சிரிச்சது என்ன புதுசா? நீ அழிச்சதுதான்டி புதுசு."

"கூட்டத்துல சொல்லிடறேன் அத்தை. அடுத்த வருஷம் திரும்ப அளக்கலாம்."

"அளக்க வேற ஆளைப் பாரு."

சொல்லிவிட்டு, அத்தை கூரை விளிம்பின் ஒரு முழ நிழலில் அவளுக்கும் இடம் விட்டு நகர்ந்து நின்றாள். அவள் வெயிலிலேயே நின்றாள்.