முடுக்கில் நின்ற பிள்ளை

அந்தப் பிள்ளையை நான் முதலில் பார்த்தது முகப்பருவுக்கு மாத்திரை தொடங்கிய இரண்டாவது மாதத்தில். கம்ப்யூட்டர் அக்கவுண்ட்ஸ் வகுப்பு முடிந்து மக்ரிப் தொழுகைக்கு முன்னால், அந்தி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர வீடுகளின் பின்பக்கமாக ஒடுக்கமான சந்துகள் உண்டு. முடுக்கு என்போம். எங்கள் முடுக்கின் திருப்பத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, நாலைந்து வயதிருக்கும் ஒரு பிள்ளை நின்றது. தலையில் கம்பளிக் குல்லா. காதுகளை முழுக்க மூடி, புருவம் வரைக்கும் இழுத்துவிட்டது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்த சித்திரை மாதம் அது.

"யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டேன். அது திரும்பவில்லை. 'பாவம், இதற்குக் காது கேட்காது' என்று நினைத்துக்கொண்டு ஓர் அடி வைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பது அடுத்த அடியில் உறைத்தது. பிறகு நான் நடக்கவில்லை, ஓடினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது. அந்த மாத்திரையால் என் கண் காய்ந்துபோயிருந்தது. மங்கலான வெளிச்சத்தில் பார்வை குறையலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், மூட்டு வலிக்கும், காரணமில்லாமல் அழுகை வந்தால் உடனே வரணும் என்றும் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றாக வந்தது. தொழுகையில் தலை தரையில் படும் சஜ்தாவிலிருந்து எழும்போது முழங்கால் கல்லாக இருந்தது. உதடு வெடித்ததைப் பார்த்து, வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஜஹ்ரா, "ஏளா, ஆறுமுகநேரி உப்பளத்தை உதட்டுல கொண்டாந்து காயப் போட்டிருக்கியா?" என்றாள். சிரித்தால் உதடு பிளக்கும். ஆகவே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிள்ளையும் அந்த மாத்திரையால் வந்ததுதான் என்று முடிவு செய்தேன். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பகலில் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காரை பெயர்ந்த இடம் ஒன்று பிள்ளை உயரத்தில் இருந்தது. அதுதான் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் அந்தி வெளிச்சத்தில் காரை பெயர்ந்த இடமும் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் பிள்ளையும் நின்றது.

மாத்திரைக்குப் போன கதை சின்னது. கல்யாணம் முடிந்து என் மாப்பிள்ளை முஸம்மில் மச்சான் துபாய்க்குத் திரும்பிய கொஞ்ச நாளில் என் தாடையிலும் கன்னத்திலும் பருக்கள் கிளம்பின. சின்னப் பருக்கள் அல்ல. உள்ளே வேர்விட்டு, தொட்டால் காதுவரை வலிக்கிற கட்டிகள். ஒருநாள் வீடியோ காலில் மச்சான், "ஏளா, மூஞ்சியில என்ன, வாடா பொரிச்சு வெச்சிருக்கே?" என்றார். வாடா என்பது இறால் வைத்துப் பொரிக்கிற எங்கள் ஊர்ப் பலகாரம், மேடும் பள்ளமுமாக இருக்கும். அவருக்குப் பின்னாலிருந்து நாலைந்து ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சிக்னல் சரியில்லை என்று சொல்லி, கேமராவை அணைத்துவிட்டே பேசினேன்.

தூத்துக்குடியில் தோல் டாக்டரம்மாவிடம் உம்மாதான் கூட்டிப்போனார். டாக்டரம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டார்.

"ஆயிட்டு. மாப்பிள்ளை துபாய்ல இருக்காங்க" என்றார் உம்மா.

"எப்ப வருவாங்க?"

"அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடவில்லை. "வர்றதா இருந்தா முன்கூட்டியே என்கிட்ட சொல்லணும். இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் ஆகவே கூடாது. நிறுத்தின பிறகும் ஒரு மாசம் வரை கூடாது. மாசாமாசம் டெஸ்ட் எடுக்கணும்."

"துபாய்ல இருந்து போன்லயா பிள்ளை வரும், டாக்டரம்மா?" என்றார் உம்மா. டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இரண்டாவது தடவையும் அதையே சொன்னார்.

"ஆனா என்ன ஆகும்?" என்று நான் கேட்டேன்.

அவர் பேனா முனையால் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "காது சரியா உருவாகாது. இதயத்துல கோளாறு வரலாம். மூளை..." இன்னும் சொன்னார். காதின் மேல் நின்ற பேனாவை மட்டும்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து எதிரே வருகிறவர்களின் காதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. எங்கள் வகுப்பிலோ எல்லோரும் தலையைச் சுற்றி மக்கனா போட்டவர்கள். ஒருத்தியின் காதும் தெரியாது. மூடியிருக்கிற துணிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று, கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குத் தோன்றும்.

முகம் தெளிந்துகொண்டே வந்தது. அதில் பொய்யில்லை. கட்டிகள் அமுங்கின, தழும்புகள் வெளுத்தன. கண்ணாடி முன்னால் நிற்கப் பிடித்தது. பிள்ளையும் மக்ரிப் நேரத்தில் தவறாமல் நின்றது.

மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கம்பெனியில் வேலை மந்தம், ஒரு மாத லீவு கொடுத்தார்களாம். காலையில் வாசலில் பெட்டியோடு நின்று "சர்ப்ரைஸ்!" என்றார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் தங்குவார். உம்மா கைகால் ஓடாமல் அறையைக் கூட்டினார், பக்கத்து வீட்டில் கோழி வாங்கினார். மச்சான் என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், கல்யாணத்தன்னைக்குக் கூட இப்படி இல்லையே" என்றார்.

உம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "மாத்திரையை இன்னையோட நிறுத்திரு."

"ஒரு மாசம் ஆகணுமே உம்மா."

"நிறுத்தியாச்சுன்னா அப்புறம் என்ன? அவங்க வந்த அன்னைக்கே போய் இதையெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்காதே. நாளைக்குச் சொல்லலாம்."

நான் மாத்திரையை நிறுத்தினேன். அன்றைக்கு மச்சானிடம் சொல்லவில்லை. நாளைக்கும் சொல்லவில்லை. உம்மாவின் மேல் பழிபோட எனக்கு மனசில்லை. அவர் ஒரு நாளைத்தான் தள்ளிவைக்கச் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலவிதமாக யோசித்தேன். வெட்கம், பயம், சந்தோஷம், எதை எடுத்தாலும் பாதிதான் பொருந்துகிறது. அந்த மனிதரின் கை என் கன்னத்தில் இருந்தது. அந்தக் கன்னத்துக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

விருந்து விருந்தாக ஒரு வாரம் ஓடியது. மச்சான் வீட்டு விருந்தில், எல்லோரும் நெய்ச்சோறு சாப்பிட்டு எழுந்த பிறகு, மச்சானின் உம்மா என் வயிற்றில் கையை வைத்தார். "இந்தத் தடவையாவது அவனை வெறுமனே அனுப்பிராதேளா" என்று சிரித்தார். அன்றைக்கு முடுக்கு வழியாகத் திரும்பும்போது பிள்ளை திருப்பத்தில் இல்லை. எங்கள் வீட்டுப் பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தது. குல்லா கழுத்துவரை இறங்கியிருந்தது. நான் சுற்றிக்கொண்டு தெருவழியாக, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனேன்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலியான மாத்திரை அட்டையையும் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை எதுக்குளா சாப்பிட்டே? நான் கேட்டனா?"

"வாடா பொரிச்சு வெச்சிருக்கேன்னு சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"உங்க ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க."

"யாரு சிரிச்சா?"

"முகம் தெரியல. சத்தம்தான் கேட்டுது."

அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அது முகத்தில் தெரிந்தது. சண்டை போட வந்து, சண்டைக்கான காரணத்தைத் தொலைத்தவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்தார். "முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

தூத்துக்குடிக்குப் போனோம். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மூணு நாளுக்குள்ள வந்திருந்தா கரு தங்காம இருக்க வேற ஒரு மாத்திரை தந்திருக்கலாம். இப்ப காத்திருக்கத்தான் வேணும். நாள் தள்ளிப்போனா டெஸ்ட் எடுங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் தள்ளி இருங்க."

"கர்ப்பமா இருந்தா?" என்று மச்சான் கேட்டார்.

"இருந்தா மகப்பேறு டாக்டர்கிட்ட அனுப்புவேன். ஸ்கேன்ல எல்லாம் தெரியாது. கலைச்சிடுறதுதான் நல்லதுன்னு அவங்க சொல்லலாம். முடிவு நீங்கதான் எடுக்கணும்."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆறுமுகநேரி வந்ததும் மச்சான் கேட்டார்.

"எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகுமா?"

"எல்லாத்துக்கும் இல்லையாம்."

"அப்ப?"

"அப்பன்னா?"

"அல்லா தந்ததை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அப்புறம், "நீ சொல்லு" என்றார்.

"எனக்குத் தெரியல மச்சான்."

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கலைத்துவிடலாம் என்று நினைக்கும்போது குல்லா போட்ட அந்தத் தலை தெரிந்தது. வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும்போதும் அதே தலைதான் தெரிந்தது.

முதுகுவலி என்று சொல்லி மச்சான் வெளி அறையில் பாய் விரித்தார். உம்மாவுக்குக் காரணம் தெரியும். சாயங்காலம் வகுப்பு முடியும் நேரத்தில் மச்சான் என்னைக் கூட்டிவர வருவார். முடுக்குக்குள் ஆண்கள் வருவதில்லை. ஆகவே அவர் தெருவில் நடப்பார், நான் முடுக்கில் நடப்பேன். வீடுகளுக்கு இடையே சந்து பிரிகிற இடங்களில் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். பிறகு நடுவில் மறுபடியும் ஒரு வீடு.

ஒருநாள் என்னால் முடியவில்லை. சந்து வழியாக அவரைக் கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

"ஏளா, பொம்பளையள் பார்த்தா ஏசுவாங்க."

"யாரும் இல்ல. வாங்க."

தலையைக் குனிந்துகொண்டு, திருடனைப் போல வந்தார். நான் திருப்பத்தைக் காட்டினேன். பிள்ளை அங்கே நின்றது. "அங்கன யாராவது நிக்குதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரும் இல்லையே. யாரைத் தேடுதே?"

சொன்னேன். குல்லாவைச் சொன்னேன், காதைச் சொன்னேன். அவர் சிரிப்பார், இல்லையென்றால் பைத்தியம் என்று டாக்டரிடம் இழுத்துப்போவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை நின்றார். "உனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு?"



நாள் தள்ளிப்போனது. நம்மூர் மருந்துக் கடையில் வாங்கினால் ஊருக்கே தெரியும் என்று மச்சான் திருச்செந்தூரில் போய் டெஸ்ட் அட்டை வாங்கிவந்தார். மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். விடிந்து குளியலறைக்குப் போனபோது எனக்கு ரத்தம் வந்திருந்தது. அட்டையையும் நனைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கோடு. கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மச்சான். கொஞ்சம் கழித்து மறுபடியும் ஒரு தடவை அதையே, மெதுவாகச் சொன்னார்.

நானும் சொன்னேன். அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று வகுப்பு இல்லை. இருந்தும் மக்ரிப் நேரத்தில் முடுக்கில் போய் நின்றேன். திருப்பத்தில் காரை பெயர்ந்த இடம் மட்டும் இருந்தது. மறுநாளும் போனேன். சந்தோஷப்பட வேண்டியவள், எதற்காக மூன்றாம் நாளும் போனேன் என்பதை இன்னும் என்னால் சரியாக எழுத முடியவில்லை.

லீவு முடிந்தது. மச்சான் கிளம்புகிற அன்று மதியம் பெட்டியில் அவர் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். என் தாடையில் புதிதாக ஒரு கட்டி முளைத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பினார். பிறகு பெட்டிக்கு மறுபக்கம் உட்கார்ந்து, ஒரு சட்டையை எடுத்துத் தானும் மடிக்க ஆரம்பித்தார். அவருக்கு மடிக்க வராது.

"நான் ஒரு பேரு வெச்சிருந்தேன்" என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது. வைக்கணும்னு நினைச்சு வைக்கல. தானா வந்துட்டு."

"ஆம்பளப் பிள்ளைக்கா, பொம்பளப் பிள்ளைக்கா?"

"பொம்பளப் பிள்ளைக்கு."

அந்தக் குல்லாவுக்குள் இருந்தது ஆணா பெண்ணா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதன் காதைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்தேன். நான் அதைக் கண்டு சுற்றுவழியில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், இவர் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"சொல்லட்டா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன். சட்டையைப் பெட்டியில் வைத்தேன். "இல்ல, சொல்லுங்க."

சொன்னார். நாங்கள் இருவரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேரை மட்டும், அறைக்கு வெளியே விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

அடுப்படியிலிருந்து உம்மா குரல் கொடுத்தார். "யாரு வந்திருக்கா?"

மச்சான் என்னைப் பார்த்தார்.

"யாரும் வரல உம்மா" என்றேன்.