விடுங்க மச்சான்

கட்டிங் மாஸ்டருக்கு மலை, காடு, அருவி எதுவும் ஒத்துக்கொள்ளாது. தையல் கடை மேசைக்கு முன்னால் கத்தரியோடு நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். தொப்பை வேறு. அந்த மனிதர் முதுகில் மூட்டையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார் என்றால் அதற்குக் காரணம் தங்கச்சிதான்.

அவள் புருஷன் வீட்டை விட்டுப் போய் முதுகுப்பையோடு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தான். "அண்ணா, நீ சொன்னா அவரு கேப்பாரு. எப்படியாவது பேசிக் கூட்டிட்டு வா" என்று அழுதாள். கூடப் பிறந்த உரிமையில் அவள் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். மாஸ்டர் கடைக்குப் பூட்டுப் போட்டார்.

மாப்பிள்ளை நல்லவன். அதுதான் எரிச்சல். திட்டுவதற்குக்கூட இடம் கொடுக்கமாட்டான். தேடிப் பிடித்த விடுதியில் கீழ்க்கட்டிலை மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்தான். கல்யாணமான நாள் முதல் வாங்க, போங்கதான். சிரித்தாலும் 'ங்க', முறைத்தாலும் 'ங்க'.

காலையில் அருவிக்குப் போனார்கள். மாஸ்டர் பேச்சை எடுத்தார். இரைச்சலில் கேட்கவில்லை என்று அவன் காதைத் தொட்டுக் காட்டினான். பிறகு ஒரு பாழடைந்த கோட்டை. மதில்மேல் மூச்சு வாங்கியபடி மறுபடி ஆரம்பித்தார். "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா மச்சான்?" என்று தோளில் கை போட்டான். நழுவுவதில் மன்னன்.

மத்தியானம் பாறை ஏறப் போனார்கள். பயிற்சி கொடுத்தவள் வெயிலில் கன்றிப்போன ஒரு இளம்பெண். உச்சியில் ஒரு வளையம்; கயிறு அதன் வழியாகப் போய்த் திரும்பி வருகிறது. ஒரு முனை ஏறுகிறவன் இடுப்பில். மறுபக்கம் கீழே நிற்கிறவரின் இடுப்புக் கொக்கியில் நுழைந்து அவர் வலக்கையில் முடிகிறது. அந்தக் கை மூடியிருக்கிறவரை மேலே இருப்பவன் விழமாட்டான். அவள் மாஸ்டரின் வலக்கையைத் தட்டி, இது திறக்கவே கூடாது என்று அந்த ஊர் மொழியிலும் சைகையிலும் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இறக்கவும் பழக்கினாள். உங்களுக்குள் இரண்டு சின்னச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், எந்த மொழியானாலும் சரி என்றாள்.

"நான் 'பிடிங்க'ன்னா இறுக்கிப் பிடிங்க. 'விடுங்க'ன்னா மெதுவா இறக்குங்க" என்றான் மாப்பிள்ளை.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கயித்துல தொங்கும்போதும் மரியாதையா? நீங்க 'விடுங்க மச்சான்'னு முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். மொட்டையாச் சொல்லுங்க. பிடி, விடு. அவ்வளவுதான்."

"உங்களைப் போய் எப்படி மச்சான்..."

"கயித்துல மட்டும். 'ங்க' வந்தா அது வீட்டுப் பேச்சு. கயித்தைத் தொடமாட்டேன்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

முதலில் மாஸ்டர் ஏறினார். ஆள் உயரம் போனதும் கீழே பார்த்துவிட்டு, "விடு! விடு!" என்று அலறினார். மாப்பிள்ளை கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அவரை இறக்கி, மண்ணில் கால் பதிந்த பிறகுதான் கயிற்றைத் தளர்த்தினான்.

அடுத்தது அவன். மளமளவென்று ஏறினான். பாதியில் துருத்திக்கொண்டிருந்த திட்டைத் தாண்டியதும் கை ஓய்ந்துவிட்டது. "பிடி!" என்றான். சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தான். மாஸ்டர் இறுக்கினார். அவன் இரண்டு கையையும் பாறையிலிருந்து எடுத்து உதறிக்கொண்டு கயிற்றில் சாய்ந்து உட்கார்ந்தான். பயிற்சிக்காரி தள்ளி நின்று வேறொருவனுக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

இனி இவன் எங்கே நழுவுவான் என்று தோன்றியது மாஸ்டருக்கு.

"ஊருக்கு எப்ப வர்றீங்க மாப்பிள்ள?"

"இங்க வச்சா மச்சான் கேப்பீங்க?"

"இங்கதான். சொல்லுங்க."

அவன் பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் வரல மச்சான். அவகிட்ட நானே சொல்லிருக்கணும். தைரியம் வரல."

"அவ என்ன தப்புப் பண்ணா?"

"அவ மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குப் பிடிக்கல. எத்தனை தடவை கேட்டாலும் இதான். விடுங்க மச்சான்."

தெளிவாகக் கேட்டது. 'ங்க' கேட்டது, 'மச்சான்' கேட்டது. கூடவே தங்கச்சி அழுத அழுகையும் கேட்டது. பிடிக்கலையாம்! அவள் என்ன, அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கிற சட்டையா? மாஸ்டருக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. விடணுமா, இந்தா. ஒரு சாண்தான். ஒரு குலுக்கல், கொஞ்சம் பயம், அதற்குமேல் அவர் ஒன்றும் நினைக்கவில்லை. கை திறந்தது.

ஒரு சாணோடு நிற்கவில்லை. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. மூடப் பார்த்தார், முடியவில்லை. மேலே இருந்து கத்தல்கூட வரவில்லை. திட்டில் முதுகு அடிபட்ட சத்தம்தான் வந்தது. தலைக்கவசத்தில் ஒரு கீறல் இல்லை. கழுத்துதான் போயிருந்தது. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு போலீஸ்காரர் கேட்டார். விடச் சொன்னார், விட்டேன், பிடி நழுவிவிட்டது என்றார் மாஸ்டர். 'விடு' என்பதுதான் இவர்கள் பேசி வைத்த சொல், அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்தது என்று பயிற்சிக்காரி தேம்பித் தேம்பிச் சொன்னாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஊர் மொழியில் 'ங்க' கிடையாது; 'விடுங்க'வும் அவள் காதுக்கு 'விடு'தான். போலீஸ்காரர் விபத்து என்று தலையாட்டி, மாஸ்டரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஊருக்குப் போன் போட்டார். வலக்கையில் கட்டு, இடக்கையில் போன். சொல்லி முடித்தார். தங்கச்சி கதறினாள். கதறி ஓய்ந்து கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னாரு அண்ணா?"

"'விடு'ன்னாரும்மா. இறக்கிவிடச் சொன்னாரு."

"'விடு'ன்னாரா? உன்னையா?"

"கயித்துல அப்படித்தான் பேசணும்னு நான்தான் சொல்லியிருந்தேன்."

"கயித்துலன்னா சரி." மூக்கை உறிஞ்சினாள். "வேற பேச்சு ஒண்ணும் பேசலையா? வீட்டுப் பேச்சு?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். பேசவேயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பேச்சு எழவில்லை. பேசிக் கூட்டிவரத்தானே அவரை அனுப்பினாள்? பேசாமல் இருந்திருப்பாரா? அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள். அப்புறம் அவள் மூச்சுச் சத்தமும் அடங்கிப்போயிற்று.

"சரி" என்றாள். "அவரைக் கூட்டிட்டு வாங்க."